குடும்ப ஜெபத்தில் பட்ட காயம் ஆறுமா?

பாளை மகள்
ஆகஸ்ட் 3, இரவு 10.12

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு ஆண்டுகளாக இந்தக் குழுவில் வாசித்து வருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு 41 வயது. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக இருந்தவர். சென்ற செப்டம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எங்கள் வீட்டில் இரவு 8 மணிக்குக் குடும்ப ஜெபம் தவறாது. பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, வேதபாகம் வாசித்து, முழங்காலில் நிற்போம். பகலில் நான் செய்த தவறு எதுவாயினும் அது அந்த ஜெபத்தில் வந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 38 மதிப்பெண் வாங்கிய அன்று, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் அகந்தையை உடைத்தருளும், இவளால் உமது நாமத்துக்கு அவமானம் வராதபடி காத்துக்கொள்ளும்" என்று அப்பா ஜெபித்தார். அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும் அத்தை மகன்களும் எங்களோடு முழங்காலில் இருந்தார்கள். கல்லூரித் தோழி ஒருத்தியின் அண்ணன் எனக்கு எழுதிய கடிதம், நான் ஒருமுறை அம்மாவிடம் எதிர்த்துப் பேசியது, நிச்சயம் வரை வந்து நின்றுபோன ஒரு சம்பந்தம், எல்லாமே ஜெபக்குறிப்புகளாயின. அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. அதனாலேயே இதைக் காயம் என்று சொல்ல எனக்கு வெகுகாலம் கூச்சமாயிருந்தது. திட்டினால் பதில் பேசலாம், அழலாம், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஜெபத்துக்கு ஆமென் மட்டுமே சொல்ல முடியும். நானும் சொன்னேன், ஒவ்வொரு இரவும்.

அடக்க ஆராதனையில் பலர் அவருடைய அன்பைப் பற்றிப் பேசினார்கள். அவை பொய்யல்ல. காய்ச்சலில் கிடந்தவர்களின் வீட்டில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் அவர். சம்பளம் வந்த அன்றே பாதியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. மகளாக நான் ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று முழங்காலில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஆலயத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று எல்லோரும் தொடங்கும்போது முதல் வார்த்தையிலேயே என் தொண்டை அடைத்துக்கொள்கிறது. யாராவது எனக்காக ஜெபிக்கிறேன் என்று என் பேரைச் சொல்லித் தொடங்கினால் கைகள் நடுங்குகின்றன. என் விசுவாசத்தில் குறை இருக்கிறதா? இப்படிப்பட்ட காயத்தை ஆண்டவர் ஆற்றியதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

நாசரேத் ஆசிரியர்
ஆகஸ்ட் 4, காலை 6.05

அன்பு மகளே, ஸ்தோத்திரம். உங்கள் பதிவை அதிகாலை ஜெபத்துக்குப் பின் வாசித்தேன். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், வயது 72. உங்கள் தகப்பனாரைப் போன்ற உபதேசியார்களின் கண்டிப்பினால்தான் எங்கள் தலைமுறை உருப்பட்டது என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். அவர் உங்களைப் பிறரிடம் குறைகூறவில்லை, தேவனிடத்தில்தான் முறையிட்டார். அதில் ஒரு தகப்பனின் பாரம் இருந்திருக்கும் அல்லவா?

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பது வாக்குத்தத்தமுள்ள முதலாம் கற்பனை. தகப்பன் மரித்தபின் அவருடைய குறைகளை எண்ணிக்கொண்டிருப்பது கசப்பான வேரை வளர்த்துவிடும். பழையவைகளை மறந்துவிட்டு, அவர் செய்த நன்மைகளை ஒரு தாளில் எழுதி, அந்தச் சாட்சியை மகிழ்ச்சியோடு சொல்லுங்கள். சொல்லும்போதே விடுதலை வரும் என்று நம்புகிறேன்.

திண்டுக்கல் செவிலி
ஆகஸ்ட் 4, மதியம் 2.30

ஆசிரியர் ஐயா அன்பினால் எழுதியிருக்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆனாலும் ஒரு மகள் முதல் முறையாக வாயைத் திறந்திருக்கும்போது, பேசி முடிக்கும் முன்பே அவள் வாயில் நன்றிச் சாட்சியை வைப்பது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் 26 ஆண்டுகளாகச் செவிலியாக வேலை செய்கிறேன். புண்ணின் மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொண்டு உள்ளே சீழ் தங்கிவிட்டால், மூடியதைத் திறந்து சுத்தம் செய்து, அடியிலிருந்து ஆறும்படி திரி வைத்துக் கட்டுவோம். நோயாளிக்கு அது வலிக்கும், ஆயினும் செய்வோம்.

சகோதரி, அன்னாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அவள் சீலோவின் ஆலயத்தில் ஒரு பிள்ளையைக் கேட்டு, உதடு மாத்திரம் அசைய அழுது ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். தேவனுடைய ஊழியக்காரன் ஒருவன் ஒரு பெண்ணின் இருதயத்தை முற்றிலும் தப்பாக வாசித்த இடம் அது. வேதம் அதை மறைக்கவில்லை. அவளும் பேசாமல் போய்விடவில்லை. "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்றாள். தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். அதன் பின் அவள் போஜனம் செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பின்பு அவளுக்குப் பிறந்த சாமுவேல் அப்போது கருவிலேகூட இல்லை. அவள் கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே முகம் மாறியிருக்கிறது என்றால், அவளைத் தேற்றியது பிள்ளை அல்ல, உள்ளே இருந்ததை உள்ளபடியே ஊற்றியதுதான் என்று நான் வாசிக்கிறேன்.

லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையையும் பாருங்கள். ஜெபத்துக்குள் பக்கத்தில் நிற்கிறவனை இழுத்துச் சுட்டிக்காட்டியவன் பரிசேயன்: "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்றான். வரி வசூலிப்பவனாகிய அந்த ஆயக்காரன் அதே ஆலயத்தில் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். உங்கள் அப்பாவை நான் பரிசேயன் என்று சொல்லவில்லை, அவரை நான் அறியேன். ஆனால் அப்படிப்பட்ட ஜெபம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இயேசுவே சொல்லிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்கால நட்சத்திரம்
ஆகஸ்ட் 4, இரவு 9.48

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. என் தாயார் ஜெபித்தார்கள். இதற்கு ஒரு பேர் உண்டு என்றோ, வேறு வீடுகளிலும் நடந்திருக்கிறது என்றோ இன்றுவரை நான் நினைத்ததில்லை. இதற்குமேல் எழுத இயலவில்லை.

பாளை மகள்
ஆகஸ்ட் 5, இரவு 11.20

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொன்னபடி அப்பா செய்த நன்மைகளை எழுதிப் பார்த்தேன். பதினேழு காரியங்கள் வந்தன, ஒவ்வொன்றும் உண்மை. எழுதி முடித்தபோது நெஞ்சு இன்னும் கனமாகியது. அந்தப் பதினேழில் பதினைந்து காரியங்கள் அவர் பிறருக்குச் செய்தவை. சபையில் ஒரு பிள்ளை தேர்வில் தோற்றால் அவர்கள் வீட்டுக்கே போய்த் தட்டிக்கொடுத்து வருவார். என் தேர்வுத்தாளை முன்னால் வைத்து முழங்காலில் நிற்பார். இந்த இரண்டு பேரையும் ஒரே அப்பாவாகச் சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

செவிலி அக்கா, அந்த ஆயக்காரன் தூரத்தில் நின்றதை நான் இதுவரை பரிசேயனின் பக்கத்திலிருந்து மட்டுமே வாசித்திருக்கிறேன். நன்றி.

ஒரு கேள்வி. மறந்தால்தான் மன்னித்ததாகுமா? என்னால் மறக்க முடியவில்லையே.

பெரெயா மாணவன்
ஆகஸ்ட் 6, மாலை 7.15

சகோதரி, மறப்பதைக் குறித்து நீங்கள் கேட்டதற்கு ஆதியாகமத்தில் யோசேப்பின் சரித்திரத்தைத் தவிர வேறு நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வேதபாட வகுப்பில் பலமுறை இதை நடத்தியிருக்கிறேன்; ஆகையால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரரோடு மந்தையை மேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்கு 17 வயது. அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்கள் அந்நியரல்ல, ஒரே தகப்பனின் பிள்ளைகள். பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30 வயது. அதன் பின் விளைச்சலுள்ள ஏழு வருஷங்கள். அந்த வருஷங்களில் பிறந்த மூத்த மகனுக்கு மனாசே என்று பேரிடுகிறான். "என் வருத்தம் யாவையும் என் தகப்பனுடைய குடும்பம் அனைத்தையும் நான் மறக்கும்படி தேவன் பண்ணினார்" என்பது அவன் சொல்லும் காரணம். மறந்துவிட்டேன் என்று பிள்ளைக்கே பேர் வைத்துவிட்டான். மறந்தானா? தானியம் கொள்ள வந்த சகோதரரைக் கண்டதும் அடையாளம் தெரிகிறது. அவர்களை மூன்று நாள் காவலில் வைக்கிறான். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டு அப்புறம் போய் அழுகிறான். தன் தம்பி பென்யமீனைப் பார்த்து அறைக்குள் ஓடி அழுகிறான். கடைசியில் எகிப்தியர் கேட்கும்படி சத்தமிட்டு அழுகிறான். அப்போது பஞ்சத்தின் இரண்டாம் வருஷம். கணக்குப் பார்த்தால் அவனுக்கு 39 வயது இருக்கும். விற்கப்பட்டு இருபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது இரண்டு காரியங்கள். அதிகாரமும் மனைவியும் பிள்ளைகளும் பொன் சரப்பணியும் கிடைத்தும், மறந்துவிட்டதாக வாயால் சொல்லியும், காயம் அப்படியே இருந்தது. அதற்காகக் கர்த்தர் யோசேப்போடே இல்லை என்று எவரும் சொல்ல மாட்டோம். மேலும், சகோதரரைத் தேற்றும்போதும் அவன் நடந்ததைச் சிறிதாக்கவில்லை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று தீமையைத் தீமை என்றே சொல்லிவிட்டு, அதற்குப் பின்தான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். நமது சபைகளில் அந்த வசனத்தின் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். முன்பாதியைச் சொல்ல விடாமல் பின்பாதியைச் சொல்லச் சொல்வது, யோசேப்பு செய்யாத ஒன்றை உங்களைச் செய்யச் சொல்வதாகும்.

ஆகவே மன்னிப்பது வேறு, மறப்பது வேறு. பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லியிருக்கிறபடியால், நம் கையிலிருக்கும் கணக்கை அவர் கையில் கொடுத்துவிடுவதை நான் மன்னிப்பு என்கிறேன். கொடுப்பதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது ஒரே இரவில் முடிவதும் இல்லை. நீங்கள் பலமுறை மன்னித்தது வீண் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

"பிதாவே" என்னும் சொல்லைக் குறித்தும் எழுத வேண்டும். கெத்செமனேயில் நம் ஆண்டவர் "அப்பா பிதாவே" என்று அழைத்தார். அந்த "அப்பா" என்பது அரமேயச் சொல். தமிழில் நாம் வீட்டில் சொல்லும் சொல்லோடு அப்படியே ஒத்துப்போகிறது. பலருக்கு அது ஆறுதல். உங்களுக்கு அதுவே முள்ளாக இருக்கிறது. அதே ஆண்டவர் சிலுவையில் ஒன்பதாம் மணி நேரத்தில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிட்டபோது பிதாவே என்று அழைக்கவில்லை. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் சொற்களை எடுத்துக்கொண்டார். வனாந்தரத்தில் ஆகார் என்ற அடிமைப்பெண் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று தன் சொந்தத் துயரத்திலிருந்தே கர்த்தருக்கு ஒரு பேரைச் சொன்னாள். கர்த்தர் அதை மறுக்கவில்லை. ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்று ஏசாயாவின் கடைசி அதிகாரத்தில் அவரே சொல்கிறார். உங்கள் தொண்டை திறக்கும்வரை மேய்ப்பரே என்றோ என்னைக் காண்கிறவரே என்றோ கூப்பிடுங்கள்.

காவிரிக்கரை அருளன்
ஆகஸ்ட் 7, காலை 8.40

நான் கத்தோலிக்கன், ஆகையால் என் சொற்கள் சில உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஒன்பது ஆண்டுகளாக என் தம்பியோடு பேசாமல் இருந்தேன். காரணம் சொத்து, விவரம் வேண்டாம். ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய், தம்பிமேல் எனக்குப் பகை இருக்கிறது என்று பாவமாக அறிக்கையிடுவேன். மன்னிப்புப் பெற்று வருவேன். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஒருமுறை வயதான அருட்தந்தை ஒருவர் என்னை நிறுத்தி, "உன் பாவத்தைச் சொன்னாய், உனக்கு நடந்ததைச் சொல்லவே இல்லையே" என்றார். அன்றுதான் அழுதேன்.

சென்னையில் புனித தோமையார் மலை எனப்படும் பரங்கிமலைக்கு ஏறும்போதெல்லாம் சீடர் தோமாவை நினைப்பேன். உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவுகளைக் கடந்து வந்து அவருக்குக் காட்டியது தம் கைகளையும் விலாவையும். சாவையே வென்றவருக்கு அந்தத் தழும்புகளை இல்லாமல் ஆக்குவது பெரிதல்ல, ஆனாலும் வைத்திருந்தார். தொட்டுப் பார்க்கவும் அழைத்தார். தழும்பு இருப்பதனால் உங்களுக்குக் குணமாகவில்லை என்று முடிவுசெய்யாதீர்கள்.

தம்பியோடு இப்போது பேசுகிறேன். முன்போல அல்ல. பேசுகிறேன்.

வேலூர் சாலை
ஆகஸ்ட் 7, இரவு 10.05

எல்லோரும் வேதத்திலிருந்து எழுதிவிட்டீர்கள். நான் வேறொரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தலைப்பைவிட்டு விலகுவதாக நினைக்க வேண்டாம்.

என் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபின் மனச்சோர்வு வந்தது. முதலில் நாங்கள் போனது ஜெபத்துக்குத்தான். அங்கிருந்த ஊழியக்காரர் ஒருவர், மாத்திரையை விழுங்குவது அவிசுவாசம் என்றார், நாங்களும் நிறுத்தினோம். அதன் பின் வந்த நான்கு மாதங்களை எழுத எனக்கு மனமில்லை. பிற்பாடு வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்துக்குப் போனோம். அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும், நானும் தங்கினேன். ஒரு மிஷன் மருத்துவமனை மருந்தையும் பேச்சையும் ஜெபத்தையும் ஒரே வளாகத்தில் வைத்திருப்பதைப் பார்த்த பின்புதான், அவற்றை ஒன்றுக்கொன்று எதிரியாக நான் நிறுத்தியிருந்தது எனக்குப் புரிந்தது. என் மனைவி இன்று நன்றாக இருக்கிறாள். மாத்திரையும் உண்டு, ஞாயிறு ஆராதனையும் உண்டு.

எலியா சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது, தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தருடைய சத்தம் வந்தது பிந்தித்தான்.

நம் ஆலயங்களில் பாடும் "இம்மானுவேலின் இரத்தத்தால்" என்ற ஞானப்பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதியவர் வில்லியம் கூப்பர். ஆறு வயது நிறையும் முன்பே தாயை இழந்தவர். 1763-இல் மனம் முற்றிலும் குலைந்து, செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஒரு மருத்துவரின் பராமரிப்பில் இருந்தபோதுதான் விசுவாசத்துக்கு வந்தார். 1773-இல் மறுபடியும் நோய் வந்து, தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய நண்பரும் போதகருமான ஜான் நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1800-இல் மரிக்கும்வரை அந்த எண்ணம் கூப்பரை முழுமையாக விட்டு நீங்கவில்லை. அவருடைய பாட்டைப் பாடி ஆறுதல் பெற்றவர்கள் எத்தனை பேர்! அவருடைய விசுவாசத்தில் குறை என்று சொல்லத் துணிகிறவர் யார்? என்னால் சொல்ல முடியாது. நியூட்டன் செய்ததைத்தான் நாம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்: தங்க வைத்து, காத்திருக்க வேண்டும்.

சகோதரி, கைநடுக்கமும் தொண்டையடைப்பும் உடம்பு சொல்லும் காரியங்கள். மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம். இரவில் தாங்க முடியாத நேரம் வந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

திண்டுக்கல் செவிலி
ஆகஸ்ட் 8, மதியம் 1.10

வேலூர் சாலை சகோதரர் எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களால் எங்கள் வார்டுக்கு வந்து சேர்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாசரேத் ஆசிரியர்
ஆகஸ்ட் 11, காலை 5.50

நான்கு நாட்களாக இந்த இழையைத் திறந்து வாசித்து மூடிக்கொண்டிருந்தேன். எழுத வேண்டும் என்று ஆவியானவர் உணர்த்தியதால் எழுதுகிறேன்.

மகளே, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்கள் தகப்பனாருக்காக வாதாடினேன். ஏன் அவ்வளவு வேகமாக வாதாடினேன் என்று என்னையே கேட்டபோது, எனக்காகத்தான் வாதாடினேன் என்று தெரிந்தது. நானும் என் வீட்டில் அப்படித்தான் ஜெபித்தேன். என் மகன் இப்போது கோயம்புத்தூரில் பொறியாளனாக இருக்கிறான். அவன் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது சினிமாவுக்குப் போனதை, வீட்டுக்கு வந்திருந்த சேகர குருவானவர் முன்னிலையில் நான் ஜெபத்தில் சொன்னேன். அவன் அழுதான். அதை மனந்திரும்புதலின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, அந்த இரவில் நான் ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

"பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி, அவர்களைக் கோபமூட்டாதிருங்கள்" என்று கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறது. ஐந்தாம் கற்பனையை நான் பள்ளிக்கூடத்தில் ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்திருப்பேன். இந்த வசனத்தை ஒருமுறையாவது சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

சனிக்கிழமை இரவு மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த ஜெபம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை; தொடர்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "இப்போது அதைப் பேச வேண்டாம் அப்பா" என்றான். வைத்துவிட்டான். அவன் எப்போது பேசினாலும் கேட்பதற்கு இருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் வேதவசனம் எதையும் எழுதவில்லை. பழக்கத்தினால் எழுதி, பின்பு அடித்துவிட்டு, புதுத்தாளில் மறுபடியும் எழுதினேன்.

பாளை மகள்
ஆகஸ்ட் 12, இரவு 9.30

ஐயா, உங்கள் பதிவை அலுவலகத்தில் வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். என் அப்பா உயிரோடிருந்து இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஆறுதலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. உங்கள் மகனுக்கு அவகாசம் கொடுங்கள். அவர் தொலைபேசியை வைத்தது வெறுப்பினால் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் முதலில் வைத்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

சாயங்கால நட்சத்திரம்
ஆகஸ்ட் 13, இரவு 11.02

ஆசிரியர் ஐயாவின் பதிவை என் தாயாருக்கு வாசித்துக் காட்டலாமா என்று மூன்று முறை யோசித்தேன். இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் ஆலோசகர் ஒருவரிடம் அடுத்த வாரம் நேரம் கேட்டிருக்கிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள், என் பேரைச் சொல்லாமல்.

பாளை மகள்
செப்டம்பர் 16, இரவு 10.45

நினைவு ஆராதனை முடிந்தது. கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

சாட்சி சொல்லவில்லை. அண்ணனிடம் முன்கூட்டியே, "எனக்கு உண்மையாகச் சொல்ல வருகிற வார்த்தை இன்னும் இல்லை, பொய்யாகச் சொல்ல மனமில்லை" என்று சொன்னேன். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாமே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தின்போது பெரெயா மாணவன் சகோதரர் சொன்னபடி முதல் வார்த்தையை விட்டுவிட்டு, மனதுக்குள் "என்னைக் காண்கிறவரே" என்று தொடங்கி மற்றவற்றைச் சபையோடு சேர்ந்து சொன்னேன். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் குரல் தட்டாமல் வந்தது. ஆலோசகரை மூன்று முறை பார்த்திருக்கிறேன், இன்னும் போவேன்.

அன்று சாயங்காலம் விருந்தாளிகள் எல்லோரும் போனபின் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை; கணக்குத் தேர்வு, கடிதம், நின்றுபோன சம்பந்தம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவைக் குறைகூறுகிறாயே என்று அம்மா சொல்வார்கள் என்று 25 ஆண்டுகளாகப் பயந்திருந்தேன். அம்மா சொன்னது வேறு. "எனக்குத் தெரியும்மா. நீ குலுங்குவது பக்கத்தில் எனக்குத் தெரியும். ஜெபமாயிற்றே என்று நான் கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிட்டேன்."

எட்டு மணியானதும் பழக்கத்தினால் இருவரும் பாயை விரித்தோம். வாய்விட்டு ஜெபிக்க வேண்டாம், ஒரு சங்கீதம் மட்டும் வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அம்மா அப்பாவுடைய வேதாகமத்தை எடுத்து இருபத்தேழாம் சங்கீதத்தை வாசித்தார்கள். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற வசனம் வந்ததும் அவர்களால் மேலே வாசிக்க முடியவில்லை. நான் புத்தகத்தை வாங்கி, மீதியிருந்த நான்கு வசனங்களையும் வாசித்தேன்.